மச்சு ஏன் ஆடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ராயபுரம், மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடி வைத்த பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மாடியில் ஆள் நடந்தால் கீழே டியூப்லைட் நடுங்குகிறது, அலமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கிறது. வீட்டை இடித்துவிட வேண்டியதுதானா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் அண்ணாந்து பாருங்கள்.

அந்தக் காலத்து மாடித் தளம் இரண்டு விதம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மேலே சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டித்த கட்டைக்குத்துத் தளம் ஒன்று. மெட்ராஸ் டெரஸ் என்று ஊர்ப் பெயரோடு வழங்குவது இதுதான். இதில் கட்டைகளைச் செங்கல்லே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று பலகை மச்சு. சுவருக்குச் சுவர் உத்திரம், உத்திரத்தின்மேல் பலகை, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது இந்தப் பலகை மச்சைப் பற்றி.

உத்திரத்துக்கு அகலம் குறைவு, உயரம் அதிகம். பாரம் தாங்க அதுதான் சரியான வடிவம். ஆனால் அடிக்கோலை விளிம்பில் நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் சாய்கிறதல்லவா, உத்திரமும் அப்படித்தான். சாயாமல் பிடிக்கவே இரண்டு உத்திரங்களுக்கு நடுவே பெருக்கல் குறியாகச் சிறு குறுக்குக் கட்டைகளை அடிப்பார்கள். எட்டடிக்குள் ஒரு வரிசை இருப்பது நல்லது. ஓர் உத்திரத்தின்மேல் விழும் பாரத்தில் ஒரு பங்கைப் பக்கத்து உத்திரங்களுக்குக் கடத்துவதும் இவைதான்.

மரம் உலர உலரச் சுருங்கும். குறுக்குக் கட்டையின் பிடி தளரும். துறைமுகத்து உப்புக் காற்று ஆணியைத் தின்னும். டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டை முனையில் உரசி உரசி வழவழப்பான ஒரு தழும்பும், அதைச் சுற்றிச் செம்பொடியும் தெரியும். ஆணித் தலையை விரலால் நெம்பினால் சில சமயம் கையோடு வந்துவிடும். மாடி நடுங்குவதற்கும் கிறீச்சிடுவதற்கும் காரணம் பல வீடுகளில் இவ்வளவுதான். உத்திரம் இன்னும் திடமாக இருக்கும்.

இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். ஈரச் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். கரையான் புற்று மண் கோடாக ஏறுவதும் அங்கேதான். ஸ்க்ரூடிரைவர் புட்டுக்குள் போவதுபோல் இறங்கினால் குறுக்குக் கட்டையை மாற்றிப் பயனில்லை, உத்திரத்துக்கே வைத்தியம் வேண்டும். அதற்கு ஒரு பொறியாளரை நேரில் அழைத்துவிடுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரே வீட்டை ஒண்டுக் குடித்தனங்களாகப் பிரித்தபோது மாடியில் ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு குளியலறை என்று வைத்தார்கள். பைப் போகட்டும் என்று உத்திரத்தின் நடுப்பகுதியிலேயே வெட்டு விட்ட பிளம்பர்களின் கைவண்ணத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். உத்திரத்தின் நீளத்தில் நடு மூன்றில் ஒரு பங்கில் வெட்டவே கூடாது. மற்ற இடத்திலும் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு இறங்கக் கூடாது. ஒழுகலை நிறுத்தாமல் மர வேலையைத் தொடங்குவது வீண் செலவு.

இன்னொரு வைத்தியமும் நடக்கிறது. ஆடுகிறதா, மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டுவிடு என்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. வீட்டின் அறைக்கு ஆள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்து நாங்கள் கணக்கில் எடுக்கும் பாரமே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். ஆட்டம் அடங்கியதுபோலத் தெரியும். உத்திரம் கனத்தில் தொய்ந்துகொண்டே போகும்.

சரியான வேலை அலுப்பானது, ஆனால் எளியது. மாடியில் கனமான சாமான்களை இறக்குங்கள். கீழே தரையில் பலகை போட்டு, அதன்மேல் சவுக்குக் கம்பில் முட்டுக் கொடுத்து, ஆப்பைத் தட்டி இறுக்குங்கள். தாங்கினால் போதும், தூக்க வேண்டாம். தூக்கினால் சுவர்ப் பூச்சு விரிசல் விடும். எல்லாக் கட்டைகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல் வரிசை வரிசையாக மாற்றுங்கள். நன்றாக உலர்ந்த மரமே வேண்டும்; பச்சை மரம் போட்டால் பழைய கதைதான். ஒவ்வோர் இடைவெளியையும் தனியாக அளந்து வெட்ட வேண்டும், பழைய வீட்டில் இரண்டு இடைவெளிகள் ஒன்றுபோல இருக்காது. அளவு மிஞ்சிய கட்டையைச் சுத்தியால் அறைந்து ஏற்றினால் உத்திரம் விலகும். துத்தநாகப் பூச்சுள்ள திருகாணி போடுங்கள். மரம் பிளக்காமல் இருக்க முன்கூட்டியே துளை இட்டுக்கொள்ளுங்கள்.

மேல் முனைகளை மட்டும் முதலில் முடுக்குங்கள். முட்டுக் கம்புகளை எடுத்து, பலகையைச் சரிசெய்து, பீரோவும் கட்டிலும் பழைய இடத்துக்குப் போய், உத்திரங்கள் தம் நிலைக்கு வந்த பிறகே கீழ் முனைகளை முடுக்க வேண்டும். இதை ஆசாரியிடம் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே எல்லா முனைகளையும் முடுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.