நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மாணவிகள்

நண்பர்களே, இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அதெலயீத் லபீய்-கியார் என்ற ஓவியரைப் பற்றி. 1749இல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவுக்குத் துணிமணிக் கடை. பிற்பாடு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலியான மதாம் து பாரி இளவயதில் வேலை பார்த்த கடை அதுதான்.

முதலில் கற்றது நுண்ணோவியம், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் ஒரு முகத்தைக் கொண்டுவருவது. அந்தக் காலத்தில் ஆடையில்லாத உடலைப் பார்த்து வரையும் வகுப்புக்குப் பெண்களை விடமாட்டார்கள், அது இல்லாமல் பெரிய சரித்திர ஓவியத்துக்குப் போகவும் முடியாது, ஆக முகங்கள்தான் மிச்சம். அப்புறம் ஓவியர் லா தூரிடம் பாஸ்டல், அதாவது வண்ணச் சுண்ணக்குச்சியால் வரைவது, கற்றார், எண்ணெய் வண்ணத்தை வேன்சான் என்ற ஓவியரிடம்.

வேன்சான்தான் இவர் படங்களுக்கு மெருகு போடுகிறார் என்று ஊர் பேசியது. இவர் வாயால் பதில் சொல்லவில்லை. அரச கலைக்கழகத்தின் உறுப்பினர்களையே தன் முன்னால் உட்காரவைத்து ஒவ்வொருவராக வரைந்தார். சிற்பி பஜூ களிமண்ணில் வேலை செய்யும் படம் அதில் ஒன்று. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1783 மே 31 அன்று கழகம் இவரைச் சேர்த்துக்கொண்டது. அதே நாளில் விஜே லெ பிரன் என்ற இன்னொரு பெண் ஓவியரும் சேர்ந்தார். இருவரையும் போட்டியாளர்களாகவே நிறுத்தி எழுதிப் பழகிவிட்டார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கழகத்தில் மொத்தமே நான்கு பெண்களுக்குத்தான் இடம் என்று வைத்தவர்களைப் பற்றியல்லவா பேசவேண்டும்?

1785இல் ஆளுயரத்துக்கும் மேல் ஒரு சுயஉருவப்படம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வெளிர்நீலப் பட்டு கவுன், தலையில் தொப்பி, கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும். அந்தப் பட்டின் மடிப்பில் வெளிச்சம் வழுக்கி ஓடுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆனால் என் கண் போவது நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் மாணவிகள் காபே, ரோஸ்மோன் மேல்தான். தன் பெருமையைக் காட்டவேண்டிய படத்தில் அவர்களையும் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார் பாருங்கள்! 1790இல் கழகக் கூட்டத்திலேயே எழுந்து, பெண்களுக்கு எண்ணிக்கை வரம்பு கூடாது என்று வாதாடினார்.

பிரெஞ்சுப் புரட்சி அவரைச் சும்மா விடவில்லை. அரசர் பதினாறாம் லூயியின் தம்பிக்காக வரைந்துவந்த மாபெரும் ஓவியத்தை 1793இல் அழிக்கச் சொன்னார்கள், அழிந்தது. அன்றைய லூவ்ர் அரண்மனையில் தங்கி வேலை செய்ய இடம் கேட்டபோதெல்லாம் மாணவிகள் வந்துபோவார்களே என்று மறுத்தவர்கள், 1795இல் ஒருவழியாகக் கொடுத்தார்கள். காபே கடைசிவரை கூடவே இருந்தார். 1803இல் ஆசிரியை இறந்த பிறகு, அவர் கணவராகிவிட்டிருந்த வேன்சானையும் 1816 வரை அந்த மாணவிதான் கவனித்துக்கொண்டார்.