வெளிநடப்புக்குப் பிறகு

அவைக்கு வணக்கம். மாணவர் போராட்டம் என்றால் நாம் கூட்டத்தைத்தான் பார்க்கிறோம். வருகைப்பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கலாம் வாருங்கள்.

1968 மார்ச், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ். கார்ஃபீல்டு, ரூஸ்வெல்ட், லிங்கன் முதலான உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். ஸ்பானிஷ் பேசினால் அடி, மதிய இடைவேளையில் கழிப்பறைக்குப் பூட்டு, தண்டனையாகத் துப்புரவு வேலை. அவர்கள் கேட்டது இருமொழிக் கல்வி, தங்கள் வரலாறு, தங்கள் இன ஆசிரியர்கள். தினசரி வருகையை எண்ணித்தான் மாநில அரசு பள்ளிக்குப் பணம் தரும், பிள்ளைகள் வராவிட்டால் அது குறையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பள்ளிகளை நடத்தும் வாரியமோ பணமில்லை என்று கையை விரித்தது. ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உட்பட 13 பேர்மேல் சதி வழக்கு. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே வாரிய அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு டெக்சஸின் கிரிஸ்டல் சிட்டி. கீரை விளையும் சிற்றூர். மாணவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்கோ வழியினர். ஆனால் விளையாட்டில் பள்ளி அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் பெண்களை ஆசிரியர் குழுதான் பொறுக்கும்: மூன்று வெள்ளையர், ஒரு மெக்சிக்கப் பெண். அதோடு, பள்ளி விழா அழகிப் போட்டிக்கு நிற்கும் பெண்ணின் தாயோ தந்தையோ அதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டுமாம்! வயலில் வேலை செய்தவர்கள் எப்போது படித்து முடித்தார்கள்?

டிசம்பர் 9ஆம் தேதி வெளிநடப்பு தொடங்கியது. மூன்று மாணவர்கள் வாஷிங்டன் போய் செனட்டர்களைப் பார்த்தார்கள். விடுமுறையில் வெளியூர் ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். படிப்பு கெடுகிறதே என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. மத்திய அரசின் நீதி இலாகாவிலிருந்து சமரசக்காரர்களும் வந்தார்கள். ஜனவரித் தொடக்கத்தில் பள்ளி வாரியம் பணிந்தது.

பலர் இங்கேதான் கலைந்துபோவார்கள். இவர்கள் கலையவில்லை. அன்றைய டெக்சஸில் வாக்காளர் பெயரை ஆண்டுதோறும் புதிதாகப் பதிய வேண்டும். கடைசி நாள் ஜனவரி 31. ஓட்டுரிமை வயதோ 21, மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே பெற்றோரைப் பதியவைக்கும் வேலை உடனே நடந்தது. ஏப்ரலில் மெக்சிக்கோ வழியினரின் ராஸா உனிதா கட்சி ஜெயித்து, பள்ளி வாரியத்தில் பெரும்பான்மை கைமாறியது. போராட்டத்தை வழிநடத்திய ஹோசே ஆங்கெல் குட்டியெர்ரெஸ் வாரியத் தலைவரானார். இருமொழிக் கல்வி வந்தது, மெக்சிக்க ஆசிரியர்கள் வந்தார்கள். வெள்ளை ஆசிரியர்கள் பலர் போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் கட்சிக்குள்ளேயே கோஷ்டிப் பூசல் வெடித்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.