சிட்டி மார்க்கெட் பக்கத்தில் ஒரு மர அரண்மனை

அன்பர்களே, வணக்கம்.

கல்யாணம், காதுகுத்து என்றால் நாம் எல்லாரும் விடியற்காலையில் பெங்களூர் சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ வாங்க ஓடுகிறோம். அங்கிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில்தான் திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. உள்ளே போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, சரி, இறக்கிவிடுங்கள். எண்ணினால் நமக்குத்தான் வெட்கம்.

ஹைதர் அலி 1781-இல் தொடங்கி, மகன் திப்பு 1791-இல் முடித்தது அது. முடித்த அதே வருஷம் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. ராசியைப் பாருங்கள்! கல் பீடத்தின்மேல் தேக்குத் தூண், அதற்கு மேல் மர வளைவு, மாடியில் மர உப்பரிகை. சுவரிலும் கூரையிலும் பூ வேலை. வண்ணம் மங்கிவிட்டது, ஆனாலும் கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

இந்த மரம் எப்படித் தப்பியது? திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் வாழ்ந்த லால் மஹாலைப் பிரித்தே போட்டார்கள். அதன் உத்தரங்கள் மலையேறின. ஊட்டியில் 1829-இல் அடிக்கல் நாட்டிய செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் கூரையை இன்றும் தாங்குவது அந்த மரம்தான். நம்மில் பலர் அதன் கீழே நின்று போட்டோ எடுத்திருப்போம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகை மட்டும் பிழைத்தது. ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அதில் குடியிருந்தார். பெங்களூர் அரண்மனையிலோ வெள்ளைக்காரர்கள் அரசுச் செயலகத்தை வைத்தார்கள். 1868-இல் அட்டாரா கச்சேரிக்கு, அதாவது இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கு மாறும்வரை இங்கேதான் கோப்புகள் புரண்டன. அரண்மனையைக் காப்பாற்றியது குமாஸ்தாக்கள் என்பது என் கட்சி. ரசனைக்காக யாரும் விட்டுவைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அருங்காட்சியகம் சின்னதுதான். வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடிக்கிற திப்புவின் மரப் பொம்மைப் புலியின் நகல் இருக்கிறது. அசல் லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். திப்புவின் சிம்மாசனத்தைப் படமாகத்தான் பார்க்க முடியும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள், புலித்தலை வின்ட்சர் கோட்டைக்குப் போய்விட்டது. இவற்றுக்குப் பத்து நிமிஷம் போதும். மிச்ச நேரத்தைத் தூண்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம், ஒட்டினாற்போல் கோட்டை வெங்கடரமணர் கோயில். அரண்மனைக்கு நூறு வருஷம் மூத்தது. காலையிலேயே கிளம்புங்கள், நடை சாத்துவதற்குள் பெருமாளையும் சேவித்துவிடலாம்.