படகு மினுங்க வேண்டும், தேயக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், வடக்கே பழவேற்காடு வரைக்கும் ஃபைபர் போட் வைத்திருப்பவர்களுக்காக, வெளுத்த படகைத் தேய்த்து மினுக்குவது பற்றி இன்று பேசுகிறேன். படகு இல்லாதவர்களும் கேட்கலாம். மொட்டைமாடியில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி வைத்திருந்தால் வெயில் அதை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டும். படகிலும் அதேதான்.

ஃபைபர் படகு கட்டும்போது அச்சுக்குள் முதலில் அடிப்பது ஜெல்கோட். நிறம் கலந்த கெட்டியான ரெசின் அது. அதன் மேல்தான் கண்ணாடி இழை மேட் விரித்து ரெசின் ஊற்றி ரோலர் ஓட்டுவார்கள். படகு அச்சிலிருந்து வெளியே வந்ததும் முதலில் அடித்தது வெளிப்பக்கம் வந்துவிடும். அந்த ஜெல்கோட் எவ்வளவு தடிமன் தெரியுமா? சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு விசிட்டிங் கார்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். நல்ல பட்டறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மூலை முடுக்கில் அதைவிடக் குறைவு.

இந்த அரை மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க இதற்கே திரும்பத் திரும்ப வருவேன். சாண்டர், அதாவது உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மிஷின், எதையும் பூசுவதில்லை, எடுக்கத்தான் செய்யும். எடுத்தது எடுத்ததுதான்.

மிஷினைக் கையில் எடுக்கும் முன் ஒரு சோதனை. வெளுத்த இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் பழைய நிறம் பளிச்சென்று வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், ஜெல்கோட் உயிரோடுதான் இருக்கிறது. மேலே மட்டும் வெயில் தின்றிருக்கிறது. பாலிஷுக்கு அது ஒத்துவரும். நனைத்தும் நிறம் வரவில்லை, அல்லது ஃபைபர் இழையின் பின்னல் தெரிகிறது என்றால் அங்கே தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த இடத்துக்குப் புது ஜெல்கோட்தான். சிலர் மேலே எனாமல் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் நிறம் இளகித் துணியில் வந்துவிடும். அது வேறு வேலை.

அடுத்தது கழுவுவது. இதில் அவசரப்படவே கூடாது. நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, படகில் சிப்பி மாதிரி ஒட்டியிருக்கும் கொட்டலசைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, சோப்புத் தூள் போட்டு இன்னொரு முறை. பிறகு சுத்தமான துணியில் அசிட்டோன் நனைத்து ஒரே பக்கமாகத் துடைத்து, துணியை மாற்றிக்கொண்டே போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படகுகளின் பக்கம் எல்லாம் கறுத்ததே, அப்படிப்பட்ட படகை எண்ணெய் போகாமல் தேய்த்தால் என்ன ஆகும்? உப்புத்தாள் எண்ணெயைக் கீறலுக்குள் ஏற்றிவிடும். பிறகு அங்கே ஜெல்கோட் பூசினால் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். டீசல், பழைய மெழுகு, சிலிக்கான் எல்லாவற்றுக்கும் இதே கதை. முதலில் துடை, பிறகு தேய்.

இப்போது நான் சண்டை போடும் இடத்துக்கு வருகிறேன். ஆங்கிள் கிரைண்டர். இரும்பு அறுக்கும் நாலு இஞ்ச் கிரைண்டரில் தாள் வட்டை மாட்டி ஒரே மணி நேரத்தில் படகைத் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை சுற்றும், அதுவும் ஒரே இடத்தை நடுவாக வைத்து. ஓரம் கொஞ்சம் சாய்ந்தால் பிறை வடிவில் ஒரு பள்ளம். ஒரு நொடி நின்றால் ஜெல்கோட் கருகிப் பழுப்பு அடிக்கும். அந்தப் பிறைகள் மெழுகு போட்ட பிறகுதான் வெயிலில் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கிரைண்டர் உடைந்த ஃபைபரைச் சரிவாகச் சீவுவதற்கு நல்ல கருவி. ஜெல்கோட்டுக்கு அது எதிரி.

வேண்டியது ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். ஐந்து இஞ்ச் அல்லது ஆறு இஞ்ச் வட்டு. வட்டு தானும் சுற்றும், சின்னச் சின்ன வட்டமாக அதிரவும் செய்யும். அதனால் ஒரே கோட்டில் கீறல் விழாது. ஆனால் கையை அழுத்தினால் சுற்றுவது நின்று வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். சுருள் சுருளாகக் கீறல் விழுவது அப்போதுதான். வட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றிவருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு நின்றால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். மிஷினின் எடையே போதும். அழுத்தாதீர்கள்.

தாள் எந்த நம்பர்? நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். மாவு மட்டும் லேசாக இருந்தால் ஆயிரத்தில் தொடங்குங்கள். நன்றாக வெளுத்திருந்தால் 600, ரொம்ப மோசமென்றால் 400. எண்பதும் நூற்றிருபதும் இந்த வேலைக்குக் கிடையாது. தொடங்கிய பிறகு படி தாண்டக் கூடாது: 400, 600, 800, 1000. ஒவ்வொரு படிக்கும் முன்னால் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் மறைந்ததும் நிறுத்து. மறையாத இடம் பள்ளம். அதைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றியிருப்பது தேய்ந்துவிடும், விட்டுவிடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, பாதிக்குப் பாதி மேலேறும்படி ஓட்டுங்கள். படகின் விளிம்பிலும் மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மிஷினை அங்கே கொண்டுபோகாமல், கடைசியில் கையாலேயே வாட்டர் பேப்பர் போடுங்கள். அங்கேதான் அந்த அரை மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக இருக்கும்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தாள் அடைக்காது, உண்மைதான். ஆனால் ஈர மணலில் நின்றுகொண்டு 230 வோல்ட் மிஷினில் தண்ணீர் விடாதீர்கள். காற்று சாண்டர் இருந்தால் சரி, இல்லையென்றால் கைத்தேய்ப்பு. உலர்வாக ஓட்டும்போதும் 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே விழும் பிரேக்கர் வழியாகத்தான் லைன் எடுக்க வேண்டும்.

மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் ஜெல்கோட் போயிருக்குமே, அங்கே புது ஜெல்கோட்டால் ஒட்டுப் போட வேண்டும். நூறு கிராம் ஜெல்கோட்டுக்கு ஹார்ட்னர் ஒன்றிலிருந்து இரண்டு மில்லி. நம்ம ஊர் மே மாத வெயிலில் ஒன்றுக்குப் பக்கமாகவே போதும், ஆனால் ஒன்றுக்குக் கீழே போனால் எப்போதும் முழுதாக இறுகாது. வாங்கியது, சீக்கிரம் இறுக வைக்கும் கோபால்ட் கலந்த ஜெல்கோட்டா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கலக்கவில்லை என்றால் கோபால்ட்டை முதலில் ஜெல்கோட்டில் நன்றாகக் கலக்கி, பிறகே ஹார்ட்னர். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஜெல்கோட் காற்று பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும். ஓஎச்பி ஷீட் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை மேலே ஒட்டி மூடுங்கள், இறுகியதும் உரித்துக்கொள்ளலாம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பாலிஷுக்கென்று நிறைய வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். கம்பளிப் பேடு, ரப்பிங் காம்பவுண்ட், வேகம் ஆயிரத்துச் சொச்சம் சுற்று, காலை வெயில் ஏறும் முன். உடம்பு தொட்டால் சுடும் படகில் காம்பவுண்ட் உடனே காய்ந்து திப்பித் திப்பியாக ஒட்டும். தொழில் படகுக்குக் கண்ணாடி மினுக்கு தேவையில்லை, ஆயிரம் தாளுக்குப் பிறகு காம்பவுண்ட் போதும். அதன்மேல் இரண்டு கை மெழுகு கட்டாயம். மெழுகு இல்லாத ஜெல்கோட் சீக்கிரமே மறுபடி மாவாகும், மறுபடி தேய்ப்பீர்கள், அரை மில்லிமீட்டர் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னும் ஒன்று, இதை விட முடியாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஃபைபர் தூசியில் நிற்காதீர்கள். என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. சாண்டரின் தூசிப் பையில் சேர்ந்ததைக் கடலில் உதறாமல் சாக்கில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். அசிட்டோன் துடைத்த துணியை வெயிலில் விரித்துக் காயவிடுங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம். வணக்கம்.