குழந்தை யாரிடம் இருக்கும்? வக்கீலைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்

வணக்கம். விவாகரத்து வழக்கு என்றதும் பலரும் வக்கீலிடம் கேட்பது, "குழந்தை எனக்குக் கிடைக்குமா?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "வழக்கு முடிகிற வரைக்கும் குழந்தை யாரிடம் இருக்கும், அதற்கு என்ன மனு போடுவீர்கள்?"

ஏனென்றால் வாய்தா மேல் வாய்தா போய் தீர்ப்பு வருவதற்குள் ஓரிரு வருடம் ஓடிவிடலாம். அதற்குள் குழந்தை ஒரு வீட்டுக்கும் ஒரு பள்ளிக்கும் பழகிவிடும். பழகிய இடத்தை மாற்ற நீதிபதிகள் யோசிப்பார்கள். அதனால் இடைக்கால மனுதான் பாதி வழக்கு.

(திரையில்: இரண்டு சட்டங்கள்)

இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவில், விவாகரத்து நடக்கும் நீதிமன்றத்திலேயே குழந்தைக்காக மனு போடலாம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் தனியாகப் போட்டால், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அம்மாவோடு குழந்தை மதுரையில், அப்பா சென்னையில் என்றால் அலைச்சல் யாருக்கு என்று பாருங்கள். எந்த வழியில் போகலாம், ஏன் என்று வக்கீல் புரியும்படி சொல்கிறாரா? சொன்னால் இந்த வேலை தெரிந்தவர்.

"அஞ்சு வயசுக்குக் கீழே, அம்மாவுக்குத்தான், கவலையே வேண்டாம்" என்பவரிடம் கொஞ்சம் உஷார். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு சட்டம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் 'சாதாரணமாக' என்ற சொல்லோடு. கடைசியில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை.

சரி, ஆளை எங்கே தேடுவது? வக்கீல்கள் விளம்பரம் செய்ய, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி அனுமதிப்பதில்லை. வக்கீல்களுக்கு மார்க் போட்டுப் பட்டியலிடும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆகவே 'நம்பர் ஒன் டிவோர்ஸ் லாயர்' என்று கூகுளில் வருவதை நம்பிப் போகாதீர்கள்.

ஒரு வேலைநாள் காலையில் உங்கள் ஊர் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போய் நில்லுங்கள். வழக்குகளைக் கூப்பிடும்போது யார் தானே வந்து நிற்கிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா மட்டும் வாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைப் போட்டும் அவர் நடத்தும் வழக்குகளைத் தேடலாம்.

ஃபீஸ் விஷயம். மொத்தமா, வாய்தாவுக்கு இவ்வளவா, இடைக்கால மனுவுக்குத் தனியா என்று எழுதி வாங்குங்கள். "ஜெயித்தபின் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம்" என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அது விதிப்படியே தப்பு.

பணமில்லையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100க்கு போன் செய்தும் கேட்கலாம்.

பரஸ்பர சம்மதம் என்றால் இருவருக்கும் ஒரே வக்கீல் என்பார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் குழந்தையைப் பார்க்கும் நாள், லீவு, பள்ளிச் செலவு, பாஸ்போர்ட் பற்றிய வரிகளைக் கையெழுத்துப் போடுமுன் வேறொரு வக்கீலிடம் காட்டுங்கள். "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கே, எத்தனை மணிக்கு, கொண்டுவந்து விடுவது யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.