கல்லில் காய்த்த அன்னாசி

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் பக்கத்தில் டன்மோர் பிரபு குடும்பத்தின் பழைய தோட்டம் ஒன்று இருக்கிறது, சுமார் 6 ஏக்கர், சுற்றிலும் மதில். வடக்கு மதிலின் நடுவில் ஒரு மண்டபம், அதன் தலையில் கூரைக்குப் பதிலாக ஒரு பிரமாண்டமான அன்னாசிப்பழம், முழுக்கக் கல்லில் செதுக்கியது. படத்தில் பார்ப்பவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம், இவ்வளவு சுத்தமான கல்வேலை எளிதில் பார்க்கக் கிடைக்காது.

கீழ்த்தள வாசலில் தூண், வளைவு எல்லாம் அந்தக் கால இலக்கணப்படி அடக்கமாக இருக்கும், வளைவின் நடுக்கல்லில் 1761 என்று ஆண்டு. அப்படியே கண்ணை மேலே கொண்டுபோனால் ஜன்னலைச் சுற்றிய கல் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்விட்டு, வளைந்து, முள்முள்ளான இலையாக மாறிவிடுகிறது. கட்டடம் எங்கே முடிந்து செடி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

சரி, இப்போது தண்ணீருக்கு வருவோம், நான் பேச வந்ததே அதற்காகத்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். இடுக்கில் தேங்கிய மழைநீர் ஒரே குளிர்காலத்தில் கல்லைப் பிளந்துவிடும். அன்னாசியோ முழுக்க இடுக்குதான்! அதனால் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாக வடிகால் வைத்து, பழத்தின் ஒவ்வொரு கண்ணுக்கும் சரிவு கொடுத்து, எங்கேயும் ஒரு சொட்டு நிற்காதபடி செய்திருக்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டு உறைபனிக்குப் பிறகும் அந்த இலைகள் நிற்கின்றன. இதை வடிவமைத்தவர் யார் என்பதற்குப் பதிவே கிடையாது, கட்டச்சொன்ன 4ஆம் பிரபு ஜான் மரேயின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, அதுதான் மனசை உறுத்துகிறது.

அப்புறம், மேலே அலங்காரமாக நிற்கும் 4 கல் ஜாடிகளும் புகைபோக்கிகள். மதிலை உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டி, உலை மூட்டி, அந்த வெற்றிடத்தில் சூடான காற்றை ஓடவிட்டு, ஒட்டியிருந்த கண்ணாடி வீடுகளில் குளிர் நாட்டிலேயே அன்னாசி விளைவித்தார்கள்.

லேண்ட்மார்க் டிரஸ்ட் அமைப்பு 1970களில் இதைப் பழுதுபார்த்து, இப்போது தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறது. போகிறவர்கள் மழை வந்தால் உள்ளே ஓடிவிடாதீர்கள், குடையைப் பிடித்துக்கொண்டு புல்வெளியில் நின்று, ஒவ்வொரு இலையும் தன் தண்ணீரைக் கீழே விடுவதைப் பாருங்கள்.