விடையாக என்ன கேட்கிறது?

நண்பர்களே, சமன்பாடுகளில் எத்தனை வகை என்றால் பாடப்புத்தகம் ஒருபடி, இருபடி, முப்படி என்று அடுக்கும். நான் வேறு மாதிரிப் பிரிப்பேன். சமன்பாட்டைப் பார்த்ததும், அது விடையாக என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

இருபடிச் சமன்பாட்டுக்கு ஓர் எண் வேண்டும். பின்னமோ, வர்க்கமூலமோ, எதுவானாலும் சரி. சூத்திரத்தில் போட்டால் வந்துவிடும். அதை விடுங்கள்.

முழு எண்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஆட்டமே மாறிவிடும். ஒரு முழு எண்ணை வர்க்கமாக்கி, 60-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். வருவது இன்னொரு வர்க்கமாக இருக்க வேண்டும். 4 எடுத்தால் போதும்: 961, அதாவது 31-இன் வர்க்கம். 60-க்குப் பதில் 62 என்றால் 8 எடுக்கலாம்: 3969, 63-இன் வர்க்கம். நடுவில் இருக்கிற 61-க்கு? பூஜ்யத்தை விட்டுவிட்டால், மிகச் சிறிய விடையே 226153980! கணினி இல்லாத 12-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்து விடையை நெருங்கும் சக்கரவாள முறையில் இதைப் பிடித்தார். 1657-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா இதே 61-ஐச் சவாலாக விட்டபோது, அதற்கு விடை கண்டு ஐந்நூறு ஆண்டு ஆகியிருந்தது.

வேதிச் சமன்பாடும் இந்தக் குடும்பம்தான். ஒரு புரொப்பேன் மூலக்கூறு முழுதாக எரிய ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். கிடைப்பது மூன்று கார்பன் டை ஆக்சைடு, நான்கு நீர். ஆக்சிஜன் அணுக்களை எண்ணுங்கள், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கமும் பத்து. அரை அணு என்று ஒன்று கிடையாதே!

அப்புறம் வகைக்கெழுச் சமன்பாடு, அதாவது ஒன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று சொல்லும் சமன்பாடு. இதனிடம் ஓர் எண்ணைக் கொடுத்தால் வாங்காது. உயிர்களின் உடலில் இருக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ற வேகத்தில் சிதையும். சமன்பாடு சொல்வது அவ்வளவுதான். விடை ஒரு முழு வளைகோடு: சுமார் 5730 ஆண்டில் பாதி, 11460-இல் கால் பங்கு, அப்படியே போகும். எவ்வளவில் தொடங்கியது என்று சொல்லாவிட்டால் ஒன்றல்ல, வளைகோடுகளின் கூட்டமே வந்து நிற்கும். தொடக்க நிபந்தனையை மாணவர்கள் ஒட்டுத் துணுக்காக நினைக்கிறார்கள். அது இல்லாமல் பழைய எலும்பின் வயதைச் சொல்ல முடியாது.

நீரும் காற்றும் ஓடுவதைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடும் இந்த இனம்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியாயிற்று. விமான வடிவமைப்புக்கெல்லாம் கணினியில் தோராயமாகத் தீர்த்துக் காலம் ஓட்டுகிறோம். முப்பரிமாணத்தில் எப்போதும் அதற்குச் சீரான (எங்கும் உடையாத, எல்லையின்றி எகிறாத) விடை உண்டா என்பதையே இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. வாங்க ஆளில்லை.